பஞ்சும் ஒரு செல்தான்

செல்லைப் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஏ.சி. அறைக்குள் நடக்கிற காரியம், வானம் பார்த்த கரிசலுக்கு வேண்டியது மழையும் விலையும்தான் என்று ஒரு நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. மழையும் விலையும் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. அன்றிலிருந்து அங்கே முதன்மையாக ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று பருத்தி. பஞ்சின் ஒவ்வொரு இழையும் விதையின் மேல்தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். பல செல்கள் சேர்ந்த நூல் அல்ல அது. அகலத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நீளம். பெரும்பாலான செல்களைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும்; இந்தச் செல்லையோ விரலிடுக்கில் பிடித்து இழுத்துப் பார்த்தே வியாபாரி விலை சொல்லிவிடுகிறார்.

அந்த விலைக்கும் செல்லுக்கும் உள்ள உறவு வெறும் சொல் அலங்காரம் அல்ல. பூ விரிந்த நாளையொட்டி இழை கிளம்புகிறது. அடுத்த மூன்று வாரம் போல அது நீளும் காலம்; செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளி நீட்டுகிறது. பிறகு நீட்சி ஓய்ந்து, உட்சுவரில் செல்லுலோஸ் படலம் படலமாகப் படிந்து இழை முற்றுகிறது. ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி பூக்கும் தை மாதத்தில் மண்ணில் ஈரம் வற்றிவிட்டால், அழுத்தம் குறைந்து இழை குட்டையாக நின்றுவிடும். பின்னால் பெய்யும் மழை அந்தக் காய்களின் இழையை நீட்டாது. கரிசலின் களிமண் எத்தனை நாள் ஈரம் பிடித்துவைக்கும் என்ற மண்ணியல் கேள்வியும், இழை எத்தனை நாள் நீளும் என்ற செல்லியல் கேள்வியும் உண்மையில் ஒரே கேள்வி. துறைகளைப் பிரித்து வைத்தது பல்கலைக்கழகம். பருத்திச் செடி அல்ல.

சோளத்தைப் பாருங்கள். மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் முறைக்கு, விதையைப் பொட்டாசியம் உப்புக் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தச் சொல்கிறார்கள். கைவைத்தியம் போலத் தோன்றும். நடப்பது வேறு: நனைந்த விதைக்குள் முளைப்புக்கான ஆயத்த வேலைகள் தொடங்குகின்றன, வேர் வெளிவருமுன் உலர்த்தல் அவற்றை நிறுத்திவைக்கிறது. மழை விழுந்ததும் அந்த விதை பாதி வழியிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

இதையெல்லாம் முன்னோர் மைக்ராஸ்கோப் இல்லாமலே செய்தார்களே என்பது நியாயமான எதிர்வாதம். செய்தார்கள், கருங்கண்ணி, உப்பம் என்ற நாட்டுப் பருத்திகளை இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் சம்சாரிகள்தான். ஆனால் கண்ணாலும் கையாலும் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. கருங்கண்ணியின் உறுதியும் அமெரிக்கப் பருத்தியின் நீள இழையும் ஒரே செடியில் வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டையும் நேரடியாக ஒட்டுச் சேர்த்தால், அரிதாகப் பிடித்து வளர்கிற செடியும் மலடாகிறது. எத்தனை அனுபவம் இருந்தாலும் காரணம் வயலில் தெரியாது. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், அமெரிக்கப் பருத்திக்கு 52. பிறக்கும் கலப்புக்கு 39, ஜோடி சேர முடியாத கணக்கு. 1937 வாக்கில் கோல்ச்சிசின் என்ற பொருள் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் என்று தெரிந்த பிறகுதான், ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைக்க வழி திறந்தது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை அது உருவாக விடாது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதே கோல்ச்சிசின்தான். இன்னொரு வேடிக்கை: அமெரிக்கப் பருத்தியின் 52-இல் 26, கருங்கண்ணிக்கு நெருங்கிய உறவான பழைய உலகப் பருத்தி ஒன்றிடமிருந்து மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பே வந்து சேர்ந்தவை. நாட்டுப் பருத்தி, அந்நியப் பருத்தி என்று மேடையில் பிரிக்கிறோம். செல்லுக்குள் அவை பங்காளிகள்.

இவ்வளவு அறிவிருந்தும் கரிசல் சம்சாரி ஏன் நஷ்டப்படுகிறார், பருத்தி நின்ற பல காடுகளில் ஏன் மக்காச்சோளம் நிற்கிறது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆராய்ச்சி விலையை நிர்ணயிப்பதில்லை. தவிர, எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதை நெடுங்காலம் மில்களின் தேவையே பெரிதும் தீர்மானித்தது. நீள இழை கேட்டது மில். குட்டை இழைக் கருங்கண்ணி ஓரங்கட்டப்பட்டதில் அந்தக் கேள்விக்குப் பங்கு உண்டு. இது யார் கேட்டார்கள் என்பதன் குறை. செல்லைப் படித்ததன் குறை அல்ல. மக்காச்சோளத்துக்கு மாறியவர்களும் 2018-க்குப் பின் படைப்புழுவிடம் சிக்கி, மறுபடியும் ஆராய்ச்சியின் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு தாங்குவதும், வடஇந்தியப் பருத்தியை வாட்டும் இலைச்சுருள் வைரஸுக்கு இடம் கொடாததும் கருங்கண்ணி சேர்ந்த இனத்தின் குணங்கள். அந்தக் குணங்களை நீள இழைப் பருத்திக்குக் கொண்டுபோக ஒட்டுச் சேர்க்கையை நாடும் எவரும் அந்த 26-க்கும் 52-க்கும் இடையிலான கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.