தாமதம் விரலில் இல்லை

ராக்ஸ்மித் 2014 என்ற கிதார் வீடியோ விளையாட்டை வாங்கிய முதல் மூன்று வாரம், என் கைக்குத் தாளமே வராது என்று முடிவுகட்டியிருந்தேன். திரையில் நோட் வந்து சேரும் கணத்தில்தான் கம்பியைத் தட்டுவேன். சத்தம் பின்னால் வரும். அதை ஈடுகட்ட முந்திக்கொண்டு தட்டினால் நோட் தவறிப்போகும். இரவு இரவாக ஒரே பாட்டில் நின்றேன்.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "மாமா, நீங்க ஒரு தடவைதான் அடிக்கிறீங்க, எனக்கு ரெண்டு சத்தம் கேக்குது" என்றான். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி, பிக்கால் ஒரு தட்டு. கிதாரிலிருந்தே 'டிக்'. அப்புறம் டிவியிலிருந்து இன்னொரு 'டிக்'. இரண்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி. என் விரல் சரியாகத்தான் போயிருக்கிறது.

2005-இல் வந்த கிதார் ஹீரோ விளையாட்டில் இந்தச் சிக்கல் இவ்வளவு உறுத்தாது. அங்கே கையில் இருப்பது ஐந்து பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கிதார். இசை ஏற்கெனவே பதிவானது. யூபிசாஃப்ட் 2011-இல் கொண்டுவந்த ராக்ஸ்மித்தில் நிஜ எலக்ட்ரிக் கிதாரையே செருகுகிறோம். அதற்கென்று தனி கேபிள்: ஒரு முனையில் 6.35 மி.மீ. கிதார் ஜாக், மறுமுனையில் யூஎஸ்பி. பிக்கப்பிலிருந்து வரும் மின் அலையை எண்களாக மாற்றும் சின்ன சர்க்யூட் அந்தக் கேபிளுக்குள்ளேயே இருக்கிறது. ஆம்ப் செய்யவேண்டிய வேலையை விளையாட்டே செய்துவிடும். சாதாரண கிதார் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகிப் பார்க்காதீர்கள், ஒலி மங்கித் தேய்ந்து வரும்.

நாம் தட்டிய ஒலி கம்ப்யூட்டருக்குள் போய், ஆம்பாக உருமாறி, ஹெச்டிஎம்ஐ வழியே டிவிக்குப் போகிறது. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கும். உதட்டசைவு பிசகாமலிருக்க ஒலியையும் பிடித்து வைத்திருந்து விடும். சினிமா பார்க்க அது நல்லது, கிதாருக்குக் கேடு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 மில்லிநொடித் தாமதம் என்றால் ஆம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பதுபோல, பெரும்பாலானோருக்குத் தெரியாது. 100 மில்லிநொடி என்றால் 34 மீட்டர் தள்ளி இருப்பதுபோல. அப்படித் தாளம் பிடிப்பது மிகக் கடினம்.

அதனால் படத்தை மட்டும் ஹெச்டிஎம்ஐயில் விடுங்கள். ஒலியை லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையிலிருந்து வயர் ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ எடுங்கள். ஹெச்டிஎம்ஐ செருகியதும் விண்டோஸ் தானாகவே ஒலியை டிவிக்குத் திருப்பிவிடும். ஒலி அமைப்பில் போய் மாற்றவேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். டிவியில் கேம் மோட் போடுங்கள். பிறகு விளையாட்டின் ஆடியோ அமைப்பில் லேட்டன்ஸி பஃபரை ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒலி கரகரக்க ஆரம்பித்ததும் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். பிளேஸ்டேஷன் 4 பெட்டியில் 3.5 மி.மீ. ஒலித்துளை இல்லை. ஆப்டிகல் துளை இருந்தால் அங்கிருந்து நேரே ஸ்பீக்கருக்கு எடுப்பது ஒரு வழி.

இவ்வளவு செய்தும் தடித்த கம்பி மட்டும் சற்றே மந்தமாகத் தோன்றலாம். அதன் சுருதி சுமார் 82 ஹெர்ட்ஸ். ஓர் அலை முடியவே 12 மில்லிநொடி ஆகிறது. என்ன சுரம் என்று கண்டுபிடிக்க ஓர் அலைக்கு மேல் கேட்கவேண்டியிருக்கும். அது இயற்கை, விட்டுவிடுங்கள்.

சுருதி விஷயத்தில் மட்டும் விடாதீர்கள். விளையாட்டு ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சுருதி சேர்க்கச் சொல்லும். அது திறந்த கம்பியை மட்டும்தான் பார்க்கிறது. என் மூன்றாம் கம்பி அங்கே சரியாக நிற்கும், மேல் ஃப்ரெட்டுகளில் ஏறிப் பேசும். 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தித் தட்டிப் பார்த்தேன். சரியாக ஒரு ஸ்தாயி மேலே வரவேண்டியது கூடுதலாக வந்தது. பாலத்தில் அந்தக் கம்பி உட்காரும் சேடிலைத் திருப்புளியால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கம்பியைப் புதிதாக மாட்டினேன். ஒரு மாதமாகத் தவறிய நோட்டுகள் அன்றே விழுந்தன.

இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே தீரும். கிதாரின் வால்யூம் குமிழ் முழுசாகத் திறந்திருக்கட்டும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் என்றால், வாசித்து முடித்ததும் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள். செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

போன பொங்கலுக்கு அக்கா மகன் மறுபடி வந்தான். புது டிவி மாட்டியிருந்தோம். பாட்டுப் போடும் முன்னமே கம்பிகளை அடக்கி ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"ஒண்ணுதான் மாமா."