தானியங்கிச் சோதனை திடீரென்று ஃபெயில் ஆகிறதா?

திரையில் ‘கோம்பை’ என்று சரியாகத் தெரிகிறது, சோதனைக் கருவியான செலினியம் மட்டும் ‘பொருந்தவில்லை’ என்கிறதா? பச்சைமலை ஊர்ப்பெயரைத் தேடும் பக்கத்தில் இது வரக்கூடியதுதான். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு சொற்களையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். சோதனையில் மட்டும் மாற்றினால் போதாது, செயலியிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க்காரர் தேடும்போது அவர் ஊரே கிடைக்காது.

ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் என்றால் பெரும்பாலும் காத்திருப்பில்தான் கோளாறு. ‘ஸ்லீப் 5’ போட்டு ஒப்பேற்றாதீர்கள். பொத்தான் அழுத்தும் நிலைக்கு வரும்வரை காத்திருக்கும் ‘எக்ஸ்ப்ளிசிட் வெயிட்’ போடுங்கள். அதோடு ‘இம்ப்ளிசிட் வெயிட்’டைக் கலந்தால் நேரக்கணக்கு குழம்பும். இணைய வேகமும் காரணமாகலாம்: துறையூர் தாண்டிப் பச்சைமலை ஏறினால் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அலுவலக வைஃபையில் மட்டும் பார்க்காமல், குரோமில் இணைய வேகத்தைக் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள்.

நள்ளிரவில் ஓடும் தேதிச் சோதனை தவறுகிறதா? சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதால், காலை 5.30 வரை அங்கே முந்தைய நாள்தான்.

தவறிய சோதனையைக் காரணம் பார்க்காமல் மறுபடி மறுபடி ஓட்டிப் பச்சையாக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தவறிய கணத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் கன்சோல் லாகையும் தானாகச் சேமிக்க வைத்துவிட்டு, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.