நடையை அளந்தால் என்ன தெரியும்? நடுக்குவாதம் பற்றிய ஒரு பாடம்



ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, வயதான ஒருவர் மட்டும் சிறு சிறு அடியாக, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். முதுகு சற்றுக் கூனியிருக்கும். ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். "வயதாகிவிட்டது, தளர்ந்துவிட்டார்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். ஆனால் தளர்ந்த நடை எல்லாம் முதுமையினால் வருவதல்ல. அது பார்க்கின்சன் வியாதியாகவும் இருக்கலாம். தமிழில் இதை நடுக்குவாதம் என்பார்கள். பெயரில் நடுக்கம் இருந்தாலும், பலரை அதிகமாக முடக்கிப்போடுவது நடுக்கம் அல்ல, நடைதான். நடை கெட்டால் விழுவார்கள். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பின் படுக்கையே கதியாகிவிடும். ஆகவே இந்த இதழில், இந்த நடையை எப்படி அளக்கிறார்கள், அளப்பதால் வியாதியஸ்தருக்கு என்ன நன்மை என்பதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வியாதியும் நடையும்

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களில் சிலரை அவர் கண்டது தெருவில்தான். உடல் முன்னால் சாய்வதையும், நடை தானாகவே ஓட்டமாக மாறுவதையும் அன்றே அவர் எழுதிவைத்தார்.

காரணம் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. மூளையின் அடிப்பாகத்தில் டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. இந்த வியாதியில் அவை சிறிது சிறிதாக அழிந்துபோகின்றன. நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதில்லை. எவ்வளவு தூரம் கால் வைக்கவேண்டும் என்பதை மூளை தானாகவே பார்த்துக்கொள்கிறது. டோபமின் குறையும்போது இந்தத் தானியக்கம் குறைகிறது. காலில் பலம் இருந்தும் அடி சுருங்கிவிடுகிறது.

கண் போதாதா?

அனுபவமுள்ள வைத்தியர் நடையைப் பார்த்தவுடனே வியாதியை ஊகித்துவிடுவார். பின் ஏன் அளக்கவேண்டும்? மூன்று மாதத்திற்கு முன் பார்த்த நடையையும் இன்று பார்க்கும் நடையையும் ஞாபகத்தை வைத்து ஒப்பிட முடியாது. எழுதிவைத்த எண்ணை ஒப்பிடலாம். மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என்ற தீர்மானத்திற்கு அந்த எண் உதவும்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1886இல் பாரிஸ் நகரில் ஜில் த லா தூரெத் என்ற வைத்தியர், நரம்பு வியாதியுள்ளவர்களின் உள்ளங்காலில் சிவப்புப் பொடியைப் பூசி, நீண்ட வெள்ளைத் தாளின்மேல் நடக்கச் செய்தார். தாளில் பதிந்த தடங்களை அளந்து அடியின் நீளத்தைக் கண்டார்.

இன்று சிவப்புப் பொடிக்குப் பதிலாக, காலின் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் விரிப்புகளும், இடுப்பிலோ காலிலோ கட்டும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு நாடாவும், நொடி காட்டும் கடிகாரமும், 14 மீட்டர் நீளமுள்ள வராந்தாவும் இருந்தால் முக்கியமானதை அளந்துவிடலாம். நடுவில் 10 மீட்டருக்குக் கோடு போடுகிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள 2 மீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏனெனில் அங்கே நடை வேகம் பிடிக்கும், அல்லது குறையும். நடுவிலுள்ள 10 மீட்டரை எத்தனை நொடியில், எத்தனை அடியில் கடந்தார் என்று மட்டும் எண்ணுகிறோம்.

ஒரு கணக்கு

உதாரணத்திற்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். சுகமுள்ள முதியவர் 10 மீட்டரை 9 நொடியில், 16 அடியில் கடக்கிறார். நடுக்குவாதம் உள்ளவர் அதே தூரத்தை 18 நொடியில், 32 அடியில் கடக்கிறார். இரண்டாமவரின் வேகம் பாதிதான். "கால் மெதுவாக எழும்புகிறது" என்றே பார்க்கிறவர் நினைப்பார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருமே நிமிஷத்திற்குச் சுமார் 107 அடி வைக்கிறார்கள்! தாளம் குறையவில்லை. குறைந்தது அடியின் நீளம். முதலாமவரின் அடி சுமார் 62 சென்டிமீட்டர், இரண்டாமவரின் அடி 31 சென்டிமீட்டர்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மெக் மோரிஸ், ராபர்ட் இயன்செக் ஆகியோரும் உடன் உழைத்தவர்களும் 1994இலும் 1996இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதையே எடுத்துக்காட்டின. வியாதியஸ்தர்களால் தாளத்தை மாற்ற முடிகிறது. அடியின் நீளத்தைச் சரியாக அமைப்பதே அவர்களுக்குக் கடினம் என்று கண்டார்கள். தரையில் சரியான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போட்டு, அவற்றின்மேல் கால் வைக்கச் சொன்னபோது, அடி ஏறக்குறைய இயல்பான நீளத்திற்கு வந்தது. நடக்கும் திறமை அழிந்துபோகவில்லை. தானாக நடக்காத காரியத்தை, கவனத்தைக் கொண்டு நடத்த முடிந்தது.

அளவு காட்டும் மற்றக் காரியங்கள்

1. மாத்திரையின் பலன்: லெவோடோபா மாத்திரை அடியின் நீளத்தைக் கூட்டும். மாத்திரைக்கு முன் ஒருமுறையும், அது வேலைசெய்யத் தொடங்கியபின் ஒருமுறையும் அளந்தால் பலன் எவ்வளவு என்று தெரியும். காலையில் ஒருநாள், மாலையில் ஒருநாள் என்று அளந்தால் ஒப்பிட முடியாது. மாத்திரை உண்ட நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. எழுந்து நடந்து திரும்புதல்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. 1991 முதல் இந்தச் சோதனை உலகெங்கும் வழங்கிவருகிறது. நேராக நன்றாய் நடக்கிறவர் திரும்பும்போது தடுமாறுவதை இது காட்டிக்கொடுக்கும்.

3. அடிகளின் சீர்: சுகமுள்ளவரின் அடிகள் ஏறக்குறைய ஒரே நேர அளவில் விழும். இந்த வியாதியில் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இதைக் கண்ணால் காண்பது கடினம். கருவிகளே பிடிக்கின்றன. சீர் குலைந்த நடை விழும் அபாயத்திற்கு ஓர் அடையாளம்.

ஒன்றை மறக்கக்கூடாது. வைத்தியர் பார்க்கிறார் என்று தெரிந்தால் வியாதியஸ்தர் கவனமாக, நன்றாக நடப்பார். வீட்டு வாசற்படியிலும் குளியலறையிலும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறவர், எங்கள் வராந்தாவில் தடையின்றி நடப்பதுண்டு. ஆகவே வீட்டார் சொல்வதையும் அளவோடு சேர்த்தே எழுதிவைக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

இந்தப் பாடம் வைத்தியருக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படிப்பட்டவர் இருந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

அவர் நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பேச்சுக்குக் கவனம் போனால் அடி சுருங்கும். நலம் விசாரிக்க வேண்டுமானால் அவரை நிற்கச் செய்து, அல்லது உட்காரவைத்து விசாரியுங்கள். நடக்கையில் கையில் தட்டையும் தம்ளரையும் கொடுக்காதீர்கள்.

கால் ஒட்டி நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். "அவசரமில்லை" என்று சொல்லுங்கள். உடலை இடமும் வலமும் மெல்ல அசைத்து, பின் ஒரே பெரிய அடியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதும் உதவும். அமெரிக்காவில் 1996இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வாரம் தாள ஒலிக்கு ஏற்ப வீட்டில் நடந்து பழகியவர்களின் வேகம் 25 சதவீதம் கூடியது.

அவர் அடிக்கடி தடுக்கி நிற்கும் வாசலில், தரையின் நிறத்திற்கு மாறான நிறத்தில் சில பட்டைகளை ஒட்டிப் பாருங்கள். ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு உதவாமல் போகலாம். எனவே பிசியோதெரபிஸ்டின் ஆலோசனையோடு செய்வது நல்லது.

காலைத் தேய்த்து நடப்பவரை, கை வீசாமல் நடப்பவரை, "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த வியாதியை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் 31 சென்டிமீட்டர் அடியை 45 ஆக்க முடிந்தால், அவர் தாமாகவே குளியலறைக்குப் போவார், வாசல்வரை வந்து உட்காருவார். அவருக்கு அது சிறிய காரியம் அல்ல.