கடன் கொப்பியிலிருந்து கைத்தொலைபேசிக்கு: நிரல் எழுதத் தெரியாதவர் செய்த செயலி

இரண்டு லொறி, ஐந்து பில் புத்தகம், ஒரு கடன் கொப்பி. 2021 ஆம் ஆண்டு வரை அக்குறணையில் எமது பிளாஸ்டிக் மொத்த வியாபாரத்தின் நிர்வாகம் இவ்வளவுதான். ஒரு லொறி மாத்தளை, தம்புள்ளைப் பக்கம் போகும். மற்றது குருநாகல் பக்கம். மாலையில் விற்பனையாளர்கள் பில் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். இரவு இஷாவுக்குப் பிறகு நானும் என் மருமகனும் அமர்ந்து கடன் கொப்பியில் ஏற்றுவோம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டை வேலை. பின்திகதியிட்ட காசோலைகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் திகதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த டின்னைத் திறக்க மறந்து ஒரு காசோலையை ஒன்பது நாள் பிந்தி வங்கியில் இட்டதும் உண்டு.

கணினி மென்பொருள் ஒன்று செய்விக்க விசாரித்தேன். சொல்லப்பட்ட தொகை எமக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் கடை மென்பொருள்கள் பெரும்பாலும் காசாளர் மேசையில் வைத்துப் பாவிப்பதற்கானவை. லொறியில் நின்று கடனுக்கு விற்று, பழைய காசோலையை மாற்றி, திரும்பி வந்த உடைந்த வாளியையும் கழிக்கும் எமது முறைக்கு அவை பொருந்தவில்லை.

2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு பூட்டிக் கிடந்த காலத்தில்தான் ‘லோ-கோட்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். நிரல் வரிகளை எழுதாமல், அல்லது மிகக் குறைவாக எழுதி, ஆயத்தமான பகுதிகளைப் பொருத்திச் செயலி செய்யும் முறை அது. எண்ணம் புதியதன்று. மைக்ரோசொப்ட் அக்சஸ் 1992 இலேயே இப்படி ஒரு வசதியைத் தந்தது. சென்னையில் வேர்கொண்ட சோஹோ நிறுவனத்தின் ‘கிரியேட்டர்’ 2006 இல் வந்தது. ‘லோ-கோட்’ என்ற பெயரைப் பரவச் செய்தது 2014 இல் வந்த பொரெஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை. மைக்ரோசொப்டின் ‘பவர் அப்ஸ்’ இன்று பெரிய நிறுவனங்களில் பிரபலம். நான் தெரிந்தெடுத்தது ‘அப்ஷீட்’. 2014 இல் பிரவீன் சேஷாத்ரி என்பவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கியது. 2020 ஜனவரியில் கூகுள் அதை வாங்கியது. தெரிந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். தரவு முழுவதும் என்னுடைய கூகுள் ஷீட்டிலேயே இருக்கும். எக்செல் ஓரளவு தெரிந்த எனக்கு அது தைரியம் தந்தது.

வியாபார நண்பர்கள் பலர் இதை எப்படிச் செய்வது என்று கேட்டதால் எழுதுகிறேன். நான் பட்ட அடியையும் சேர்த்தே எழுதுகிறேன். பாடத்தின் பெறுமதி அதில்தான் உள்ளது.

முதல் வேலை கணினியில் இல்லை, தாளில். கடன் கொப்பியின் ஒரு பக்கத்தை அப்படியே ஒரு ஷீட்டாக மாற்ற நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். கடையின் பெயர், தொலைபேசி, பொருள், விலை, தொகை, காசோலை இலக்கம் எல்லாம் ஒரே வரியில். ஒரு கடைக்காரர் தொலைபேசி இலக்கத்தை மாற்றினால் நூறு வரிகளில் மாற்ற வேண்டி வந்தது. சரியான முறை, ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு ஷீட். கடைகள் ஒன்று, பொருட்கள் ஒன்று, பில்கள் ஒன்று, பில் வரிகள் ஒன்று, காசோலைகள் ஒன்று, காசு வரவு ஒன்று. பில்லும் பில் வரியும் ஏன் வேறு என்று என் மருமகன் கேட்டார். ஒரு பில்லில் ஒரு பொருளும் இருக்கலாம், இருபது பொருளும் இருக்கலாம். திகதியும் கடையும் பில்லுக்கு உரியவை. வாளி எத்தனை, பேசின் எத்தனை என்பது வரிக்கு உரியது. ஒவ்வொரு வரியும் தான் எந்தப் பில்லைச் சேர்ந்தது என்பதைச் சுமந்துகொண்டு நிற்கும். இந்தத் தொடர்பை அப்ஷீட்டில் ‘ரெஃப்’ என்பார்கள். இது விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது திறவு, அதாவது ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம். ஷீட்டின் வரி இலக்கத்தையே அடையாளமாக வைக்கலாம் என்று தோன்றும். வைக்கக் கூடாது. யாராவது நடுவில் ஒரு வரியை அழித்தால், அல்லது ஷீட்டை அகர வரிசைப்படுத்தினால், பில்கள் எல்லாம் வேறு கடைகளின் தலையில் விழும். பில் இலக்கத்தையும் அடையாளமாக வைக்க முடியாது. இரண்டு லொறியும் சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும்போது இரண்டு தொலைபேசியும் ‘அடுத்த இலக்கம் 1043’ என்றே கணிக்கும். ஆகவே அடையாளத்துக்கு ‘யுனிக் ஐடி’ என்ற வாய்பாட்டைப் போட்டேன். அது எட்டு எழுத்துகளில் ஒன்றை எழுமாறாக உருவாக்கித் தரும். மனிதர் வாசிக்க வேண்டிய பில் இலக்கம் வேறு. லொறிக்கு ஒரு முன்னெழுத்து வைத்து, அச்சடித்த பில் புத்தகத்திலுள்ள இலக்கத்தையே விற்பனையாளர் பதிவார்.

இனி எனது பிழைக்கு வருகிறேன்.

பொருட்கள் ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் விலை இருந்தது. பில் வரியில் பொருளைத் தெரிவு செய்தவுடன் விலை தானாக வர வேண்டும். அதற்காக ‘வேர்ச்சுவல் கொலம்’ எனப்படும் ஒரு நிரலைச் சேர்த்து, பொருளின் விலையை அங்கிருந்து எடுத்துக் காட்டும்படி செய்தேன். அழகாக வேலை செய்தது. ஐந்து மாதங்கள் ஒரு குறையும் இல்லை. விலைகள் அவ்வளவாக மாறாத காலம் அது.

2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர விட்டது. டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து ஓரிரு மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனதை எந்த வியாபாரியும் மறக்க மாட்டார். வாரத்துக்கு இரு முறை விலைப் பட்டியலை மாற்றினேன். மூடி போட்ட பெரிய வாளி 480 ரூபாவிலிருந்து 790 ஆனது. ஒரு மாலை, மாத்தளைப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக எம்மிடம் சாமான் எடுக்கும் ஒரு ஹாஜியார் தொலைபேசியில் வந்தார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“தம்பி, ஜனவரியில எடுத்த சாமான்ட காச ஒங்கட பொடியன் ஒரு லட்சத்தி நாலாயிரத்தி முந்நூறு எண்டு சொல்றான். என்ட பில்லுல அறுபத்தி நாலாயிரத்தி எண்ணூத்தி ஐம்பதுதான் ஈக்கி. ஒங்கட வாப்பா இருந்த காலத்துல இப்பிடி ஒண்டு நடக்கல்ல.”

நான் கையிலிருந்த பில் புத்தகத்தைப் புரட்டினேன். கார்பன் பிரதியில் 64,850. செயலியில் 104,300. பில்லின் முதல் வரி மட்டும் 24 வாளி. அன்றைய விலையில் 11,520 ரூபா. செயலி காட்டியதோ 18,960. அப்போதுதான் உறைத்தது. வேர்ச்சுவல் கொலம் விலையைச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பொருட்கள் ஷீட்டுக்குப் போய் இன்றைய விலையைப் பார்த்துக் கணக்கிடும். நான் விலையை மாற்றிய ஒவ்வொரு தடவையும், வசூலிக்கப்படாத பழைய பில்கள் அனைத்தும் புதிய விலைக்கு மாறியிருந்தன. நான் அறியாமலேயே கடன்காரரின் கடனைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமானது, ஹாஜியார் பில்லைப் பார்த்தவர். பார்க்காதவர்கள்? இரண்டு கடைக்காரர்கள் எமது பையன் சொன்ன தொகையைக் கேள்வி கேட்காமல் கட்டியிருந்தார்கள், எம்மை நம்பி.

பரிகாரம் எளிது, ஆனால் வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். விலைக்கு ஷீட்டிலேயே உண்மையான ஒரு நிரல் இருக்க வேண்டும். அந்த நிரலுக்கு ‘இனிஷியல் வெல்யூ’ என்ற இடத்தில் பொருளின் விலையைக் கொடுக்க வேண்டும். பதிவு உருவாகும்போது மட்டும் விலை வந்து உட்காரும். சேமித்த பிறகு அசையாது. அதற்குப் பக்கத்திலேயே ‘அப் ஃபோர்முலா’ என்று இன்னோர் இடம் இருக்கிறது. அதில் போட்டால், யாராவது அந்தப் பில் வரியைத் திறந்து எண்ணிக்கையைத் திருத்திச் சேமிக்கும்போது விலையும் இன்றையதாக மாறிவிடும். மூன்றும் திரையில் ஒரே மாதிரித்தான் தோன்றும். பரீட்சித்துப் பார்க்கும் நாளில் மூன்றும் ஒரே விடையைத்தான் தரும். விலை மாறிய பிறகுதான் வேறுபாடு தெரியும். ஆகவே செயலி செய்து முடித்தவுடன் ஒரு பில் போடுங்கள், பொருளின் விலையை இரட்டிப்பாக்குங்கள், பின் பழைய பில்லைத் திறந்து பாருங்கள். இந்தப் பரீட்சையை நான் செய்திருந்தால் ஐந்து நிமிடம் போயிருக்கும்.

செய்யாததால் இரண்டு இரவுகள் போயின. அது மின்வெட்டுக் காலம். மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மருமகன் கார்பன் பிரதிகளை வாசிக்க, நான் தொலைபேசியில் ஒவ்வொரு வரிக்கும் பழைய விலையை ஏற்றினேன். கார்பன் பிரதி இல்லாவிட்டால் சரியான விலையை எங்கிருந்தும் எடுத்திருக்க முடியாது. செயலி வந்தாலும் பில் புத்தகத்தை நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கூடுதலாகக் கட்டிய இருவருக்கும் பணத்தைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் அதன் பின் ஒவ்வொரு பில்லையும் தொலைபேசியால் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார். அவர் செய்வது சரி.

விற்பனையாளர்களுக்கு எதைக் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். குருநாகல் பக்கம் போகிறவர் மாத்தளைக் கடைக்காரரின் கடனைப் பார்க்கத் தேவையில்லை. யார் எவ்வளவு கடன் என்பது மானத்தோடு சம்பந்தப்பட்ட விடயம். ‘ஸ்லைஸ்’ என்று ஒரு வசதி உண்டு. அது திரையில் மறைக்கும், அவ்வளவுதான். தரவு தொலைபேசிக்குள் வந்துவிடும். ‘செக்கியூரிட்டி ஃபில்டர்’ என்பதே சரியான பூட்டு. விற்பனையாளர் எந்த மின்னஞ்சலால் நுழைந்தாரோ, அவருக்குரிய கடைகளின் வரிகள் மட்டுமே அவரது தொலைபேசிக்குப் போகும். இவ்வளவும் செய்துவிட்டு, வசதிக்காக மூல ஷீட்டை எல்லோருக்கும் பகிர்ந்து வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பது போன்றது அது. செயலி உரிமையாளரின் அனுமதியோடு ஷீட்டைத் தொடும்படி வைத்தால், விற்பனையாளருக்கு ஷீட் தேவையே இல்லை.

அழிக்கும் அனுமதியையும் யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்கும்தான். பிழையான பில் ‘இரத்து’ என்று குறிக்கப்படும், மறைந்து போகாது. சேர்த்தல், திருத்தல், அழித்தல் மூன்றையும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனியாக அனுமதிக்கலாம், தடுக்கலாம்.

சிக்னல் இல்லாத ஊர்களில் பதிவுகள் தொலைபேசியில் தங்கி நின்று, சிக்னல் வந்தவுடன் மேலே போகும். இதில் இரு எச்சரிக்கைகள். பதிவுகள் மேலே போகும் முன் செயலியை அழித்துவிட்டால் அன்றைய விற்பனையும் போய்விடும். காலையில் லொறி புறப்படும் முன் ‘சிங்க்’ செய்யாவிட்டால், நேற்றைய விலையோடுதான் லொறி போகும். 2022 இல் ஒரு நாள் விலை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காசோலைப் பகுதி இலகுவானது. காசோலைத் திகதி இன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் வருகிறதா என்று ஒவ்வொரு காலையும் பார்த்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி ஒரு ‘பொட்’ அமைத்தேன். பிஸ்கட் டின் இன்னும் இருக்கிறது, ஆனால் மறதி இல்லை. ஒன்றைப் பாருங்கள். கூகுள் ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது மார்ச் 4. எமக்கு அது ஏப்ரல் 3. ஷீட்டிலும் செயலியிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். காசோலையில் ஒரு மாத வித்தியாசம் என்றால் திரும்பிய காசோலைதான்.

செலவு பற்றிக் கேட்பார்கள். செய்து பார்க்கும் கட்டத்தில் பத்துப் பேர் வரை இலவசமாகப் பரீட்சிக்கலாம். முறையாகப் பாவிக்கத் தொடங்கினால் ஆளுக்கு மாதக் கட்டணம், அதுவும் டொலரில். ரூபா விழுந்தபோது இந்தக் கட்டணமும் எமக்கு ஏறத்தாழ இரட்டிப்பானது. நான்கு பேருக்கு அது தாங்கும். நாற்பது பேர் உள்ள நிறுவனம் என்றால், ஒருவரை வைத்துச் சொந்தமாக மென்பொருள் செய்விப்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். வரிக் கணக்கு, ஆண்டிறுதிக் கணக்கு ஆகியவற்றை இதில் செய்ய முயலாதீர்கள். அது கணக்காளரின் வேலை.

இன்னொரு விடயம், அந்த நிறுவனம் நாளை கட்டணத்தை உயர்த்தினால் என்ன செய்வது? தரவு என் ஷீட்டில் இருக்கிறது, எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் நான் அமைத்த வாய்பாடுகளும் திரைகளும் அங்கேயே தங்கும், எடுத்து வர முடியாது. அதனால் ஒவ்வொரு நிரலுக்கும் என்ன வாய்பாடு, ஏன் போட்டேன் என்பதை ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடையைப் பூட்டும் முன் மருமகன் ஆறு ஷீட்டுகளையும் தரவிறக்கிப் பென் டிரைவில் ஏற்றுகிறார். அந்தப் பென் டிரைவ் இருப்பது காசோலை டின்னுக்குள்.