துருவைத் தடுக்கும் தண்ணீர்

இரும்பின் பகைவன் ஈரம் என்று படித்திருக்கிறோம். ஆனால், ஒருவகைத் துப்பாக்கியைத் துருப்பிடிக்காமல் காக்கவே தண்ணீரால் கழுவ வேண்டும்! இது எப்படி?

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சாமுவேல் கோல்ட்டின் தொழிற்சாலையில் செய்த ரிவால்வர்கள் பெருமளவில் பயன்பட்டன. அதே அமைப்பில் இத்தாலியின் பிரெசியா நகருக்கு அருகே இன்றும் நகல்கள் செய்யப்படுகின்றன. அவை பொம்மைகள் அல்ல, உண்மையாகவே சுடுபவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காக அவற்றைப் பலர் வைத்திருக்கிறார்கள்.

அவற்றில் இடப்படுவது பழங்காலக் கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை இது. எரியும்போது இதன் எடையில் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகிறது. அந்த வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. மீதிப் பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு முதலிய திண்மப் பொருள்களாகிறது. அவற்றில் ஒரு பங்கு வெண்புகையாக வெளியேறும். எஞ்சியது குழலிலும் சுழலும் உருளையிலும் கசடாகப் படியும். பலமுறை சுட்டபின் உருளை சுழல முடியாமல் இறுகிவிடுவதும் உண்டு.

பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அவ்வாறு உண்டாகும் உப்புக் கரைசல் எஃகின்மேல் தங்கினால் துரு விரைந்து பிடிக்கும். எண்ணெய் மட்டும் பூசினால் போதாதா? போதாது. இந்த உப்புகள் எண்ணெயில் கரையா, நீரில் கரையும். எனவே, சுட்ட அன்றே துப்பாக்கியைப் பிரித்து, சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுகிறார்கள். வெந்நீரால் சூடேறிய எஃகு விரைவில் உலர்ந்துவிடும். அதன்பிறகே எண்ணெய் பூசுகிறார்கள்.

கழுவும்போது சல்பைடு நீருடன் சேர்வதால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது எந்த வாயு? உங்கள் வேதியியல் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள்!