வாடகைக் காருக்குக் கூடுதல் காப்பீடு: போர்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் சாலையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வெளியூர்க் கார்கள் பெருகிவிடும். பட்டாசை ரயிலில் ஏற்ற முடியாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 164-ஆவது பிரிவு, அதற்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. பட்டாசுக்கு என்று இல்லாமல் கல்யாணம், காதுகுத்து, கல்லூரிச் சேர்க்கை என்று வருபவர்களும் உண்டு. சொந்த வண்டி இல்லாதவர்கள் மதுரையில் இறங்கி செல்ஃப் டிரைவ் கார் எடுக்கிறார்கள். ஊர், நாள், வண்டி எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு செயலியின் கடைசித் திரையில் ஒரு கேள்வி நிற்கும்: நாளுக்கு இத்தனை ரூபாய் கூடுதலாகக் கட்டினால் சேதக் கவலை இல்லை, சேர்த்துக்கொள்ளலாமா? பயந்தவர்கள் சேர்க்கிறார்கள், சிக்கனக்காரர்கள் விடுகிறார்கள். இரு சாராருமே தவறான கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் என் வாதம். அந்தக் கூடுதல் தொகை உங்களால் தாங்கக்கூடிய நஷ்டத்துக்கானது. தாங்க முடியாத நஷ்டத்துக்கான காப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது இல்லாமலே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, வாடகை வண்டியில் ஏற்கெனவே என்ன காப்பீடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவின்படி தர்ட் பார்ட்டி காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக்கூடாது. வண்டியால் வெளியாள் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ அந்தப் பாலிசி தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் பொருளுக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை. நம்மவர் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லும் பாலிசியில் வண்டியின் சொந்தச் சேதமும் சேரும். அமெரிக்காவில் இருந்து ஊருக்கு வரும் உறவினர்கள், கூடுதல் காப்பு வாங்காமல் சாவியைத் தொடாதே என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. கலிபோர்னியாவில் 2024 முடியும்வரை ஒருவரின் காயத்துக்குக் கட்டாயக் காப்பு 15,000 டாலர்தான். 2025 தொடக்கத்தில்தான் அது 30,000 டாலர் ஆனது. ஒரு நாள் மருத்துவமனைச் செலவே அதைத் தின்றுவிடக்கூடிய நாட்டில் மேற்கொண்டு பொறுப்புக் காப்பு வாங்குவது புத்திசாலித்தனம். நம் நாட்டில் அந்தப் பெரிய ஓட்டையைக் கட்டாயக் காப்பீடே அடைத்துவிடுகிறது. அங்கே கற்ற பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் பணம் தப்பான இடத்தில் போய் விழும்.

ஆனால் அந்தக் கட்டாயக் காப்பீடு நின்று பேசுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வண்டி, வாடகைக்கு விட அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது யாரோ ஒருவரின் சொந்தக் கார். தெரிந்தவர் மூலமாகவோ வாட்ஸ்அப் குழு வழியாகவோ கிடைக்கும் ஒயிட் போர்டு வண்டி நாளுக்குச் சில நூறு ரூபாய் மலிவாக இருக்கும். சொந்தக் காரின் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்றொரு பகுதி இருக்கிறது. வாடகைக்கு விடுவதையும், சொந்தச் சாமான் தவிர்த்த சரக்கு ஏற்றுவதையும் அது விலக்கிவைக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். நீதிமன்றம் விட்டுக்கொடுக்கும் என்று சிலர் சொல்வார்கள், அதிலும் உண்மை உண்டு. வாடகைக்கு ஓடிய ஒரு சொந்த வண்டி திருடுபோன வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், நிபந்தனையை மீறியிருந்தாலும் 75 விழுக்காடு கொடுக்கச் சொன்னது. ஆனால் அது திருட்டு வழக்கு; வாடகைக்கு விட்டதற்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்பதே அங்கே முக்கியமாகிவிட்டது. அதுவும் உச்ச நீதிமன்றம்வரை நடந்து வாங்கிய 75 விழுக்காடு. நாளுக்கு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அந்த வழிக்குப் போக வேண்டியதில்லை. ஒயிட் போர்டு வண்டிக்கு உரிமையாளர் எந்தப் ‘பாதுகாப்புத் திட்டம்’ தருவதாகச் சொன்னாலும் அது வாய்ப்பேச்சு. வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு வகையும் காப்பீடு முடியும் தேதியும் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

கறுப்பு போர்டு வண்டி, நடப்பில் உள்ள ஃபுல் இன்சூரன்ஸ் என்று உறுதியான பிறகுதான் கடைசித் திரைக் கேள்விக்கு வர வேண்டும். அங்கே விற்கப்படுவது காப்பீட்டுப் பாலிசி அன்று. சேதம் ஆனால் இவ்வளவு வரை உன்னிடம் வசூலிப்பேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியுள்ள நிறுவனம், கூடுதல் பணம் தந்தால் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வண்டிக்குத்தான் காப்பீடு இருக்கிறதே, என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று கேட்கலாம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குக் காப்பீடு வழக்கமாகப் பாதி விலைதான் தரும், பம்பர் பிளாஸ்டிக். சின்னக் கோரிக்கை வைத்தாலும் அடுத்த ஆண்டின் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். பட்டறையில் வண்டி நிற்கும் நாளுக்கு வாடகை வராது. இதையெல்லாம் நிறுவனம் உங்கள் டெபாசிட்டில் இருந்து எடுக்கப் பார்க்கிறது. இப்போது கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். உங்கள் பொறுப்பு 10,000 ரூபாய். இரண்டு நாளுக்குக் கூடுதலாக 700 ரூபாய் கட்டினால் அது 2,000 ஆகும். 700 கொடுத்து 8,000-ஐக் காப்பாற்றுகிறீர்கள். பதினோரு பயணத்துக்கு ஒரு முறையாவது பத்தாயிரம் ரூபாய்க்கு வண்டியை இடித்துவைப்பவருக்குத்தான் இது கட்டுபடியாகும். அப்படி ஓட்டுபவர் காப்பீட்டை யோசிப்பதைவிட டிரைவர் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இந்தப் பக்கத்துச் சாலையில் வண்டிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால், அந்த 700 ரூபாய் அவற்றில் பலவற்றைத் தொடவே தொடாது. பிரதான சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் இருபுறமும் சீமைக் கருவேலம் தலைநீட்டி நிற்கும். எதிரே லாரி வந்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் கதவில் கோடு விழும், டயரில் முள் ஏறும். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் தட்டும். மழை பெய்த மறுநாள் கரிசல் ஓரத்தில் சக்கரம் இறங்கினால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். டயர், அடிப்பாகம், தண்ணீர் புகுந்த எஞ்சின், தொலைந்த சாவி ஆகியவை வழக்கமாக இத்தகைய திட்டங்களின் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத மச்சானோ தம்பியோ ஓட்டியிருந்தாலும், குடித்திருந்தாலும் எல்லாம் ரத்து. டிக்கி நிறையப் பட்டாசு என்றால் கதையே வேறு. தீப்பற்றும் பொருள், வெடிபொருள் ஏற்றக்கூடாது என்பது வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமான வரி. அதை மீறிய பிறகு கூடுதல் காப்பு கட்டிய ரசீதைக் காட்டிப் பயனில்லை. பட்டாசு வாங்கத்தான் வருகிறீர்கள் என்றால் பார்சல் அனுப்பும் ஏற்பாட்டைக் கடையிலேயே கேளுங்கள். ஆட்களும் வெடியும் ஒரே காரில் போக வேண்டாம்.

நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, எழுநூறு ரூபாயில் அது கிடைத்தால் என்ன குறை என்று எதிர்வாதம் வரும். குறை இதுதான்: அந்த நிம்மதி உங்களை அடுத்த கேள்வி கேட்கவிடாது. ஓட்டும் உங்களுக்கே ஏதாவது ஆனால்? சொந்தக் கார்களில் உரிமையாளரே ஓட்டும்போது 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு 2018 முதல் கட்டாயம். ஆனால் அது பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளருக்கானது. வண்டி ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்தக் காப்பே கிடையாது. உங்கள் தவறால் நீங்களே அடிபட்டால் தர்ட் பார்ட்டி காப்பீடும் உதவாது. இரவல் வாங்கிய வண்டியை ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்று நிங்கம்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியாளுக்கு உரிய இழப்பீட்டை அவர் கேட்க முடியாது. பம்பருக்கு 700 ரூபாய் கட்டியவர் தன் உயிருக்கு ஒரு பைசா கட்டவில்லை என்பதை எந்தத் திரையும் நினைவூட்டுவதில்லை. வங்கிக் கணக்கு வழியாகச் சேரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு. இரண்டு லட்சம் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பது சரி. அதனால்தான் தனியாக ஒரு விபத்துப் பாலிசியும் வேண்டும் என்கிறேன்; அது வாடகைக் காருக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்கும் பைக்குக்கும் சேர்த்து ஆண்டு முழுக்க நிற்கும். பட்டாசு ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுவது தீயே பிடிக்காது என்பதற்காக அல்ல, பிடித்தால் ஓர் அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக. காப்பீட்டின் வேலையும் அதுதான்.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: நிறுவனங்கள் பழைய கீறலையும் நம் தலையில் கட்டி டெபாசிட்டைப் பிடித்துக்கொள்கின்றன, அதற்காகவே காப்பு வாங்குகிறோம் என்பது. இது நியாயமான பயம். மருந்து மட்டும் வேறு. வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கம், கூரை, டயர், உள்பக்கம், கிலோமீட்டர் எண், எரிபொருள் அளவு எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அங்கேயே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பிறகும் பிடித்தால், இது பாலிசி அல்ல என்பதால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது; ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் விருதுநகர்க்காரர் தன் மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம்.

ஆகவே முடிவு இது. ஒயிட் போர்டு என்றால் வண்டியே வேண்டாம். கறுப்பு போர்டு வண்டியில் உங்கள் பொறுப்பு ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கினால், நான்கு வழிச்சாலையில் வந்து திரும்பும் பயணம் என்றால், கூடுதல் காப்பை விட்டுவிடலாம். பொறுப்புக்கு வரம்பே எழுதவில்லை என்றாலோ, வரம்பு லட்சத்தைத் தொட்டாலோ, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை என்றாலோ, விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். இரவுப் பயணம், பழகாத கிராமச் சாலை, வண்டி நிறைய வயதானவர்கள் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மஞ்சள் போர்டு டாக்சியைப் பிடியுங்கள். டிரைவர் பேட்டா கொடுத்தால் வண்டியின் சேதம் உங்கள் கணக்கில் வராது. எதைத் தேர்ந்தாலும், கிளம்புவதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.