பிளக் கழற்றும் தம்பிக்கு



தருவைகுளத்தில் அவுட்போர்டு எஞ்சின் வேலை கற்றுக்கொண்டிருக்கிறாய் என்பதால் இதை உனக்கு எழுதுகிறேன். உங்கள் ஊரிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகும் பெரிய செவுள்வலைப் படகுகள் டீசலில் ஓடுகின்றன. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே எஞ்சின் தடுமாறினால் இன்ஜெக்டரையும் குழாயில் புகுந்த காற்றையும் தேட வேண்டும். நான் பேசுவது பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு பூட்டிய வள்ளங்களைப் பற்றி. “மிஸ்ஸாகுது, இழுவை இல்லை” என்று எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கியதும் உன் கை பிளக் ஸ்பேனருக்குப் போகிறது. போகட்டும், தவறில்லை. கழற்றியதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை முறுக்கி வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிற வழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. பிளக் தானாகவும் கெடும். ஆனால் பல நேரம் அதைக் கெடுத்தது வேறொன்று. அது எஞ்சினுக்குள்ளேயே இருக்கும்போது புதுப் பிளக்கும் சில நாளில் அதே கதிக்கு வரும், இந்த முறை நடுக்கடலில்.

பிளக்கின் உள்முனை ஓடும்போது ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதன் வாழ்வு. இனி ஒரு வள்ளத்தின் நாளை நினைத்துப் பார். வலை வாங்கும்போது எஞ்சின் மெதுவோட்டத்தில் நெடுநேரம் கிடக்கிறது. முனை சூடேறாது, கரி படியும். கரி மின்சாரம் கடத்தும். இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டிய மின்சாரம் பீங்கான்மேல் படிந்த கரி வழியாகவே கசிந்து பிளக்கின் உலோக உடம்புக்கு இறங்கிவிடும். மண்ணெண்ணெய் பெட்ரோல்போல் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த சிலிண்டரில் ஈரமாகவே நின்று பிளக்கை நனைக்கும். எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும் என்பதும், நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்குத் திரும்பி கார்ப்பரேட்டரில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்கவேண்டும் என்பதும் இதனால்தான். பெட்ரோலை மிச்சம்பிடிக்க இந்த இரண்டையும் சுருக்கிவிட்டால் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்துபோகும். ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்வியை எடு: கிளப்பும்போது மிஸ்ஸாகிறதா, வலை வாங்கி முடித்து வேகம் கூட்டும்போதா, முழு வேகத்திலா? மூன்றும் மூன்று வெவ்வேறு வியாதிகள். அதைக் கண்டவர் வள்ளக்காரர். அவரை விட்டுவிட்டுப் பிளக்கிடம் மட்டும் விசாரிக்காதே.

கேட்டதைச் சோதனையால் உறுதிசெய். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் வேலை எளிது. மிஸ்ஸாகும் சிலிண்டரின் பிளக்கை மற்றதிலும், மற்றதை இதிலும் மாற்றிப் பூட்டு. கோளாறு பிளக்கோடு சேர்ந்து இடம்மாறினால் பிளக் போய்விட்டது. அதே சிலிண்டரில் நின்றால் பிளக்கை விட்டுவிட்டு மூடி, வயர், காயில், கம்ப்ரஷன், ரீட் வால்வு என்று பார்த்துக்கொண்டு போ. ஒற்றைச் சிலிண்டர் என்றால், நன்றாக ஓடும் எஞ்சினிலிருந்து அதே எண்ணுள்ள பிளக்கை வாங்கிப் போட்டுப் பார். இந்தக் கரைக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் கடலடிப் பாரில் சிப்பி நிறையக் கிடக்கிறது என்ற பேச்சை நம்பிக் குளிப்பை அறிவித்துவிடவில்லை. மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தைப் பிரித்து மதிப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அறிவித்தார்கள். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. மதிப்பிடாமல் இறங்கக்கூடாது என்ற அந்தக் கண்டிப்பு உன் பட்டறைக்கும் வேண்டும்.

“வெளியே எடுத்துப் பார்த்தேன், ஸ்பார்க் நன்றாக வருகிறது, பிளக் நல்லதுதான்” என்ற பேச்சையும் அப்படியே ஏற்காதே. திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட சுமார் 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய காற்றில் அதே இடைவெளிக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பீங்கானில் மயிரிழை விரிசலோ கரிப்பூச்சோ இருந்தால் வெளியே நீலமாகத் தெறிக்கும் ஸ்பார்க் உள்ளே போனதும் எளிதான வழியைத் தேடிக்கொள்ளும். அதனால்தான் சில மில்லிமீட்டர் இடைவெளி விரித்து வைக்கும் சோதனைக் கருவி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டும் ஸ்பார்க்குக்குத்தான் மதிப்பு. எதில் சோதித்தாலும் உலோக உடம்பு எஞ்சினைத் தொட்டு எர்த் ஆகியிருக்க வேண்டும். வயரை அந்தரத்தில் விட்டுக் கயிறு இழுத்தால் சிடிஐ பெட்டி போகலாம், பெட்ரோல் ஆவியும் பற்றலாம்.

பிளக்கின் நிறத்தைப் படிக்கும் பழைய வித்தையை நம்பலாமா என்று கேட்பார்கள். எல்லாப் பிளக்கும் கறுப்பாகத்தானே வருகிறது, இதில் என்ன படிப்பது என்பது வாதம். பாதி நியாயம் அதில் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடிவிட்டுக் கரைக்கு ஊர்ந்து வந்து நிறுத்திய எஞ்சினின் பிளக் அந்த ஊர்ந்த நேரத்தின் கதையைத்தான் சொல்லும். முழு வேகத்தின் கதை வேண்டுமென்றால் அந்த வேகத்திலேயே நிறுத்திக் கழற்ற வேண்டும். கரைக்கு அருகில், நங்கூரமும் துணைக்கு ஒரு ஆளும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. அப்படிக் கழற்றியதில் வெளிர் பழுப்பு நலம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் எரிபொருள் அதிகம், அல்லது பிளக் தேவைக்குமேல் குளிர்ச்சி, அதாவது முனையின் சூட்டை வேகமாக இறக்கிவிடும் வகை. எண்ணெய் ஈரம் என்றால் ஆயில் கலவையைப் பார். வெளுத்துக் கொப்பளித்த பீங்கானைக் கண்டால் காரணம் தெரியும்வரை எஞ்சினை மறுபடி ஓட்டாதே: குளிர்விக்கும் தண்ணீர் ஓடவில்லை, அல்லது எரிபொருள் குறைவாக வருகிறது. பீங்கானில் மினுமினுக்கும் பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். நிறம் தீர்ப்பு சொல்லாது என்பது உண்மைதான். எந்தப் பக்கம் தேடுவது என்பதை அது சொல்லும்.

இனி ஆபத்தான யோசனைக்கு வருகிறேன். மண்ணெண்ணெயில் பிளக் கரிகிறதே, ஒரு எண் சூடான பிளக்கைப் போட்டால் தீர்ந்துவிடாதா? மெதுவோட்டத்தில் தீரும்தான். அதே வள்ளம் ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் முழு வேகத்தில் திரும்பும்போது அந்தச் சூடான முனை ஸ்பார்க்குக்கு முந்திப் பற்றவைக்கும், பிஸ்டனில் ஓட்டை விழும். கரிந்த பிளக் துறையில் வைத்துக் காலைக் கெடுக்கும். ஓட்டை விழுந்த பிஸ்டன் கடலில் வைத்து ஆளைக் கெடுக்கும். எண்ணைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு: என்ஜிகே எண்களில் 6-ஐ விட 7 குளிர்ச்சி, இன்றைய பாஷ் எண்களில் அதற்கு நேர் தலைகீழ். கடைக்காரர் நீட்டும் “சமமான” பிளக்கை எண்ணை மட்டும் பார்த்துப் பூட்டிவிடாதே. எஞ்சின் கையேடு சொல்லும் எண்ணில் நில், கார்ப்பரேட்டரைச் சரிசெய், மண்ணெண்ணெய்க்கு மாற்றும் நேரத்தைத் திருத்து.

பிளக் விலை குறைவு, புதியதைப் போட்டால் ஆள் உடனே கடலுக்குப் போகலாம், இத்தனை விசாரணை எதற்கு என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அதிகாலையில் துறையில் நிற்பவனிடம் விளக்கம் பேச முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அவனுக்குப் புதுப் பிளக்கையே போடு, கூடவே ஒரு உதிரியையும் கொடு. கழற்றியதை மட்டும் எறியாதே. எந்த வள்ளம், எந்தச் சிலிண்டர், என்ன தேதி என்று ஒரு சீட்டு கட்டி வை. அதே வள்ளத்திலிருந்து அதே முகத்தோடு மூன்றாவது பிளக் வரும்போது மலிவு என்ற கணக்கு பொய்த்துவிடும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எஞ்சின் நின்றுபோன வள்ளம் ஒதுங்கப்போவது எங்கே? கிழக்கே 1976 ஒப்பந்தம் வரைந்த இலங்கை எல்லை, பக்கத்தில் வான் தீவும் காரைச்சல்லியும் சுற்றிய பவளப்பாறைகள். அந்தத் தீவுப் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. இந்தச் செலவையெல்லாம் பிளக்கின் விலையோடு கூட்டிப் பார்.

பூட்டும் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் நல்ல பிளக்கைக் கெடுப்பது பல நேரம் பூட்டும் கைதான். கரியை வயர் பிரஷால் தேய்க்காதே. பீங்கானில் உலோகக் கோடு விழுந்து அதுவே கசிவுக்கு வழியாகும். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து கையேட்டின் அளவுக்குக் கொண்டுவா. வெளிப் பீங்கானிலும் மூடிக்குள்ளும் உப்பு படிந்திருந்தால் உலர்ந்த சுத்தத் துணியால் துடை. உப்பின்மேல் ஈரம் பட்டால் மின்சாரம் வெளிப்பக்கமாகவே ஓடும், இருட்டில் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக் புதியது என்றால், விரலால் முழுக்க முறுக்கிய பின் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே பூட்டியதென்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று. தளர்ந்தால் சூடு இறங்காமல் முனை வேகும், அளவுக்குமேல் இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை போகும்.

அன்புடன்,
உன் தொழிலைச் சேர்ந்த ஒரு மூத்தவன்